சும்மா இருந்த சர்வர்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. படக்கா என்றுதான் கூப்பிடுவோம். யார் எந்தச் சிக்கலைத் தூக்கிக்கொண்டு போனாலும் "படம் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார், அதனால் வந்த பெயர். பதினொரு வருஷம் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். அவரைப் பற்றி எழுதக் கொஞ்சமும் தகுதி இல்லாத ஆளும் நான்தான். வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆம்புலன்ஸ் வண்டிகளை அனுப்பி வைக்கிற மென்பொருளைச் செய்யும் கம்பெனி எங்களுடையது. யாருக்காவது மூச்சு முட்டினால் வீட்டார் போன் செய்வார்கள். பக்கத்தில் எந்த வண்டி காலியாக இருக்கிறது என்று பார்த்து, ஓட்டுநரின் திரைக்கு முகவரியை அனுப்புவது எங்கள் வேலை. கேட்கிறவர்கள் "புண்ணியமான வேலை" என்பார்கள். அவர்கள் எங்கள் மூன்றாவது மாடியைப் பார்த்ததில்லை. ஏசி ஒழுகி ஒழுகிக் கம்பளம் ஊறிப் போய், கூடம் முழுக்க ஈர நாயின் வாடை அடிக்கும். தேநீர் போடுகிற மூலையில் தொட்டி அடைத்துக்கொண்டு, பழுப்புத் தண்ணீரில் பிஸ்கட் துண்டுகள் மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒருவன் "யாராவது சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் டம்ளரையும் அதிலேயே போட்டுவிட்டுப் போவான். நானும் போட்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே எங்கள் மேலாளர். எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பார். அதனால் அவர் பெயரே சரிசரி ஆகிவிட்டது. பேனா மூடியைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டே பேசுவார். பேசி முடித்ததும் அந்த மூடியை மாட்டி, அதே பேனாவை நம்மிடம் நீட்டி "இங்க ஒரு கையெழுத்து" என்பார். அதை வாங்கும்போது என் விரல்கள் கூசும். ஆனால் ஒரு தடவைகூட வாங்காமல் இருந்ததில்லை.

படக்கா என்னிடம் வாங்காத வசை இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால்தான். "இந்தம்மாவுக்கு எல்லாத்துக்கும் ஒரு சட்டம்" என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். நாற்பத்தேழு வயது. கணவர் கடைகளுக்குப் பெயர்ப் பலகை மாட்டுகிறவர். ஒரே மகள், வெளியூர்க் கல்லூரியில் கடைசி வருஷம். சர்வர்கள் எல்லாம் படக்காவின் பொறுப்பு. காலையில் வந்ததும் மேசையைத் துடைப்பார், கீபோர்டைத் துடைப்பார், பிறகு என் கீபோர்டையும் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு அதையும் துடைப்பார்.

அவருடைய படப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் முக்கிய சர்வர் நின்றுபோனது. இது நின்றால் எந்த சர்வருக்கு மாற வேண்டும் என்று ஆவணத்தில் அழகாக ஒரு படம் இருந்தது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மாற்று சர்வரை நாற்பது நிமிஷம் தேடினோம். அந்த சர்வரை ஒன்றரை வருஷத்துக்கு முன்பே கழற்றி எடுத்துவிட்டார்கள். படத்தை வரைந்தவன் வேலையை விட்டுப் போயிருந்தான், திருத்த வேண்டிய மூலக் கோப்பு அவனோடு போயிருந்தது. அந்த நாற்பது நிமிஷமும் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் காகிதமும் பேனாவுமாக எழுதி எழுதி வண்டி அனுப்பினார்கள். அன்று சரிசரி வெளியிட்ட அறிக்கையில் "சிறு தாமதம்" என்று இருந்தது. படக்கா அதைப் படித்துவிட்டு, "சிறு தாமதமாம். மூச்சு நின்னவங்ககிட்ட போய்ச் சொல்லச் சொல்லு" என்றார்.

அதன் பிறகுதான் அவர் அந்த சேவையைக் கொண்டுவந்தார். விஷயம் ரொம்ப எளிது. படத்தைக் கையால் வரைய வேண்டியதில்லை. 'அழைப்பு மையம் -> ஓட்டுநர் : முகவரி' என்று ஒரு வரி எழுதினால் போதும், சேவை அதைப் படித்து இரண்டு கட்டம் போட்டு நடுவே அம்பு வரைந்து தரும். எங்கள் நிரல்களும் ஆவணங்களும் ஒரே தளத்தில்தான் இருக்கும். அந்தத் தளத்தோடு இந்த சேவையை இணைத்துவிட்டால், ஆவணத்தில் எழுத்தாக இருப்பது திறந்து பார்க்கும்போது படமாகத் தெரியும். எழுத்தைத் திருத்தினால் படமும் திருந்தும். யார் எந்த வரியை எப்போது திருத்தினார்கள் என்பதும் பதிவாகும். வரைந்தவன் ஓடிப் போனாலும் படம் இருக்கும்.

இதற்கு ஒரு மெஷின் கேட்டு மூன்று மாதம் அலைந்தார். சரிசரி மூன்று மாதமும் சரி சரி என்றார். கடைசியில் ஸ்டோர் ரூமில் கழித்துப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, தூசி ஊதி, அதிலேயே சேவையை நிறுவி, தளத்தோடு இணைத்தார். செட்டிங்கில் ஒரே ஒரு முகவரி கொடுக்க வேண்டும், படம் வரைகிற சர்வர் எங்கே இருக்கிறது என்று. அந்த ஸ்டோர் ரூம் மெஷினின் முகவரியைக் கொடுத்தார். கூடவே, இந்த முகவரி கட்டடத்தைத் தாண்டக் கூடாது என்று ஆவணத்தின் உச்சியில் சிவப்பில் எழுதி வைத்தார். காரணம் உண்டு. வெளியே ஒரு சர்வரைக் கொடுத்தால், படத்தைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அதன் எழுத்து முழுக்க அங்கே போகும். எந்த மெஷின் எங்கே இருக்கிறது, எந்த வழி திறந்திருக்கிறது, எல்லாம் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. அது கட்டடத்தை விட்டுப் போகக் கூடாது என்பது ஆம்புலன்ஸ் துறையோடு போட்ட ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து.

முதலில் எல்லோரும் கிண்டல் செய்தோம். இரண்டே மாதத்தில் நானூறு படம் ஆகிவிட்டது. ஒருவன், தேநீர் எந்திரத்திலிருந்து மேலாளர் அறைக்கு ஒரு அம்பும், அங்கிருந்து எங்களுக்கு 'மிச்சம்' என்று ஒரு அம்பும் போட்டுத் தளத்தில் ஏற்றினான். படக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அம்பு சரியா இருக்கு, அழிக்க வேண்டாம்" என்றார்.

பிறகு அவர் கணவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. இரண்டு வாரம் விடுப்பு. தளத்தின் செட்டிங்கை மாற்றக்கூடிய நிர்வாகிக் கணக்கு ஒன்றுதான் உண்டு, அது அவர் பெயரில் இருந்தது. போகிற அன்று ஒரு துண்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

"பாஸ்வேர்ட் தம்பி. அவசரம்னா மட்டும். வேற யார்கிட்டயும் குடுக்காத. என் பேர்ல இருக்கு."

"நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க அவரைப் பாருங்க" என்றேன்.

அடுத்த வாரம் ஆம்புலன்ஸ் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு தணிக்கை அதிகாரி அம்மா, கூட இரண்டு பேர். சரிசரி அவர்களைக் கூட்ட அறையில் உட்கார வைத்துவிட்டு, எங்கள் ஆவணங்களின் அழகைக் காட்டத் தளத்தைத் திறந்தார். படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் உடைந்த சின்னம். வியர்த்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

எனக்குக் காரணம் தெரியும். முந்தின நாள் ஏசி பழுது பார்க்க வந்தவர்கள் ஸ்டோர் ரூமில் ஏதோ பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். போய்க் கதவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் நாற்றம் முகத்தில் அறைந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெருச்சாளி செத்து ஊதிக் கிடந்தது. வாயில் ஈ மொய்த்தது, வயிற்றுக்கடியிலிருந்து என்னவோ கசிந்து தரையில் காய்ந்திருந்தது. பிளக் கிடந்தது அதற்கு அரை முழம் தள்ளி. குனிந்து எடுத்துச் சொருகினால் தீர்ந்தது. கதவைச் சாத்திவிட்டேன்.

பின்னால் சரிசரி மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். "என்னப்பா, பத்து நிமிஷத்துல படம் வரணும். எப்படியாவது பண்ணு."

எப்படியாவது பண்ண ஒரு வழி இருந்தது. இதே சேவையை யாரோ நல்ல மனசுக்காரர்கள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுத்தை அனுப்பலாம், படம் வரும். என் சீட்டுக்குப் போனேன். துண்டுக் காகிதத்தை எடுத்தேன். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, ஸ்டோர் ரூம் முகவரியை அழித்துவிட்டு வெளி முகவரியைப் போட்டேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. கையில் அழுக்குப் படவில்லை.

"சார், வெளி சர்வருக்கு மாத்தியிருக்கேன். அவங்க போனதும் திரும்ப மாத்தணும்" என்றேன்.

"சரி சரி" என்றார்.

படங்கள் பளிச்சென்று வந்தன. தணிக்கை அம்மா தலையாட்டினார். எல்லோருக்கும் பிஸ்கட் வந்தது. சரிசரி என் தோளில் தட்டி, "இந்த மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்றார். பிறகு நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்வதுகூடப் பாதிப் பொய். மறுநாள் நினைவு வந்தது. திருப்பி மாற்றினால் படம் வராது, படம் வர வேண்டுமென்றால் அந்த அறைக்குள் போக வேண்டும். அக்கா வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அதற்கப்புறம்தான் மறந்தேன்.

படக்கா விடுப்பு முடிந்து வந்த அன்றே ஸ்டோர் ரூமைத் திறந்தார். பழைய செய்தித்தாளில் அந்தப் பெருச்சாளியை அள்ளிக் கட்டி வெளியே கொண்டு போனார். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்தார். பிளக் அன்றுதான் கழன்றிருக்கும் என்று நினைத்து அதைச் சொருகினார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "எல்லாரும் மூக்கைப் பொத்திட்டுப் போயிட்டு வந்திருக்கீங்க, ஒருத்தருக்கும் கை வரல இல்ல?" என்றார். நான் பல்லைக் காட்டினேன்.

விடுப்பில் தேங்கிய வேலை அவரைச் சில வாரம் எழுந்திருக்க விடவில்லை. அதெல்லாம் ஓய்ந்த ஒரு காலையில், படம் வரைகிற மெஷினின் லாகைத் திறந்தார். யார் எந்தப் படத்தைக் கேட்டாலும் அதில் ஒரு வரி விழும்.

"தம்பி, இங்க வா. இதைப் பாரு."

லாக் காலியாக இருந்தது. மெஷினை ஆன் செய்த நாளிலிருந்து ஒரு வரி கிடையாது.

"பழைய படத்தையே காட்டுதோ என்னவோ" என்று அவரே சொல்லிக்கொண்டு, ஒரு ஆவணத்தில் 'சோதனை' என்று புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தார். பக்கத்தைத் திறந்தார். கட்டம் வந்தது. லாக் அசையவில்லை.

"நம்ம சர்வர் சும்மா உக்காந்திருக்கு" என்றார் மெதுவாக. "அப்ப இந்தப் படத்தை யாரு வரையறா?"

செட்டிங்கைத் திறந்தார். வெளி முகவரி இருந்தது. அவர் முகம் போன போக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த நொடியில் நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்:

"யாரு மாத்தியிருப்பாங்கக்கா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு முகவரியைச் சரிசெய்துவிட்டு, செட்டிங் மாற்றங்களின் பதிவைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படித்தார்.

சரிசரியிடம் போனபோது அவர், "மாத்தியாச்சு இல்ல? சரி சரி, விடுங்க. வெளிய யாருக்குத் தெரியப் போகுது" என்றார்.

"அஞ்சு வாரம் சார். நானூறு படத்தோட எழுத்தும் வெளிய போயிருக்கு. ஒப்பந்தத்துல இருக்கு, நாம சொல்லியே ஆகணும். ஒவ்வொரு மெஷினோட முகவரியையும் மாத்தி, திறந்த வழியை எல்லாம் மூடணும்."

"குடும்பத்துக்குள்ள நடந்ததை யாராவது ஊருக்குச் சொல்லுவாங்களா?"

அலுவலகத்தைக் குடும்பம் என்று சொல்கிற ஆளை இனி எங்கே பார்த்தாலும் எனக்குக் குமட்டும். படக்கா அவர் பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. தானே உட்கார்ந்து ஆம்புலன்ஸ் துறைக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். அங்கிருந்து பதில் வந்தது: மாற்றியது யார் என்று பெயரோடு அறிக்கை வேண்டும், அந்த ஆளுக்கு எங்கள் சர்வர்கள் பக்கம் இனி வேலை இருக்கக் கூடாது. படக்காவுக்கு சர்வர் வேலை தவிர எங்கள் கம்பெனியில் வேறு வேலை இல்லை. அவர் கணவர் அப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். அந்த வீடு அக்காவின் சம்பளத்தில் ஓடியது. இது சரிசரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் சரிசரி என்னை அறைக்குள் கூப்பிட்டார். பேனா மூடி காதில் இருந்தது.

"கணக்கு அவங்க பேர்ல. பொறுப்பும் அவங்களது. பதிவுல அப்படித்தான இருக்கு?"

"எந்த சீட்லேருந்து மாத்தினாங்கன்னு பதிவுல சீட் நம்பரும் இருக்கும் சார்."

"அந்தப் பத்தி அறிக்கைக்குத் தேவையில்ல." மூடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் துடைத்தார். "நீ வாயைத் திறந்தா நீ மட்டும் போக மாட்ட, நானும் வருவேன். புரியுதா? இங்க ஒரு கையெழுத்து."

சீட் நம்பர் இருந்த பத்தியை வெட்டிவிட்டு, கணக்கின் பெயரும் தேதியும் மட்டும் இருந்த அறிக்கை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேனாவைத் தொட்டதற்காக வெளியே வந்து கையைக் கழுவினேன். கையெழுத்துப் போட்டதற்காக இல்லை, பேனாவைத் தொட்டதற்காக. அப்படிப்பட்ட ஆள் நான்.

தணிக்கை அம்மா மறுபடி வந்தார். அதே கூட்ட அறை. அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "அன்னிக்கு நீங்க விடுப்புல இருந்திருக்கீங்களே?" என்று படக்காவிடம் கேட்டார்.

"ஆமாங்க. ஆனா போறதுக்கு முன்னாடி பாஸ்வேர்டை ஒருத்தர்கிட்ட குடுத்துட்டுப் போனேன். குடுத்திருக்கக் கூடாது. அது என் தப்பு, நான் ஒத்துக்கறேன்."

"யார்கிட்ட?"

"அவங்களே சொல்லட்டும். இந்த ரூம்லதான் இருக்காங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசி ஒழுகி வாளியில் சொட்டுகிற சத்தம் கேட்டது. எத்தனை சொட்டு என்று எண்ணினேன். பதினேழு. பதினெட்டாவதற்கு முன் சரிசரி உள்ளே புகுந்தார். "மேடம், ஆளைத் தேடறது முக்கியமில்ல, பொறுப்பைத் தட்டிக் கழிக்கக் கூடாது பாருங்க. கணக்கு அவங்களது." தணிக்கை அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்திலும் நின்றார். நான் அக்கறையாக எதையோ குறிப்பெடுக்கிற மாதிரி நோட்டில் கோடு போட்டேன். அவர் கோப்பை மூடினார்.

மாதக் கடைசியோடு படக்கா போக வேண்டும் என்று ஆனது. அவருடைய இடம் எனக்கு. சரிசரி மறுபடியும் என் தோளில் தட்டினார். வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். அவரும் கற்றுக்கொடுத்தார். ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை, ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தவில்லை. எந்த மெஷினுக்கு எப்போது மூச்சு வாங்கும், எந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்ள வேண்டாம், எதைப் பார்த்தால் ஓட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி, நானூறு படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்து ஒப்படைத்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசி நாள் மத்தியானம் அவருடைய மேசை காலியாகிவிட்டது. ஒரு துணிப்பை, ஒரு டம்ளர், அவ்வளவுதான். நிர்வாகிக் கணக்கு ஒன்றுதான் மாற்ற பாக்கி. என் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு திரையைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, மாத்தினது நான்தான்."

"தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. உன் சீட் நம்பர் பதிவுல இருந்துச்சே."

"அப்ப ஏன்க்கா சொல்லல? அந்த அம்மா கேட்டப்ப என்னைக் காட்டியிருக்கலாம் இல்ல?"

"நீ சொல்லுவன்னு நினைச்சேன்." சாதாரணமாகத்தான் சொன்னார். "அந்தக் கூட்டத்துல சொல்லுவன்னு நினைச்சேன். அப்புறம் அந்த வாரம் சொல்லுவன்னு நினைச்சேன். வீட்ல அவர்கிட்டகூட, பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்த பையன், சொல்லிடுவான்னுதான் சொல்லிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையும் எனக்கே பிடிக்கவில்லை. "இப்பவே போய்ச் சொல்றேன்க்கா. அந்த அம்மாவுக்கு போன் பண்றேன்" என்றேன்.

"இப்ப சொன்னா உன் மனசு லேசாகும். எனக்கு வேற இடத்துல வேலை பேசியாச்சு, சம்பளம் குறைவு, போய்ட்டு வர ரெண்டு பஸ். நான் திரும்பி இங்க வரப் போறதில்ல. சொல்றதும் சொல்லாததும் இனி உன் பாடு." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கண்ணைத் துடை. கீபோர்டு நனையுது."

துடைத்தேன். அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். திரையில் கடைசிப் பக்கம் திறந்திருந்தது. இந்தக் கணக்கில் இனி நடக்கும் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் யார் என்று ஒரு கட்டம் கேட்டது. அதில் இருந்த அவர் பெயரை அவரே ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

நான் என் பெயரை அடித்தேன். ஒரு மாதம் முன்னால், அந்த அம்மா கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய பெயர். சரியாக அடித்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்துவிட்டு, படக்கா போய்விட்டார்.